மறுநாள் செத்தவர்கள்

"எங்கப்பா செத்தது ஆவணி ஒம்பது. பத்தாந்தேதி சாக வெச்சிருக்கோம்."

உப்புச் சந்தையில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் இதைச் சொன்னாள். படியில் உப்பை அள்ளித் தலைதட்டிக்கொண்டே சொன்னாள். கேட்டவள் அந்தத் தெருவுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

"அதெப்படிக்கா சாக வெப்பீங்க?"

"ஒம்பதாந்தேதி வாசல் திருநாள். அன்னைக்கு அழக் கூடாது, படையல் போடக் கூடாது, காக்காய்க்குச் சோறு வெக்கக் கூடாது. ராசா உத்தரவு. அப்ப மனுசன் எங்க போவான்? மறுநாள்தான் சாவான்."

"உங்கப்பா மட்டுமா?"

"தெருவே அப்படித்தான். உன் மாமனாரைப் பெத்தவரும் பத்தாந்தேதிதான், கேட்டுப் பாரு. எங்க தெருவுல எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி ஒண்ணாத்தான் சாவோம்."

இருவரும் சிரித்தார்கள்.

பக்கத்தில் நின்றிருந்த குன்றன் சிரிக்கவில்லை. இரண்டு படி உப்பு வாங்க வந்தவர், வாங்காமல் நடந்தார்.

அவர் அரண்மனையில் வரலாறு எழுதுகிறவர். ஊரில் புலவர் என்பார்கள். ஐம்பத்தெட்டு வயது. பிறந்தது அதே உப்புத் தெருவில்.

அவருடைய தங்கை கொற்றியும் ஆவணி பத்தாம் தேதிதான் இறந்தாள்.

அந்தப் பேச்சு காதில் விழும்வரை அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

*

நகரத்துக்கு மேற்கே ஒரு மொட்டைப் பாறை. அதன் குகையில் ஒரு பெண் துறவி இருந்தார். பெண் துறவியரை அந்த நாட்டில் குரத்தியார் என்பார்கள்.

இந்தக் குரத்தியாருக்கு முப்பது வயதுதான். முதல் முறை வந்தபோது குன்றன் அவரிடமே, "குரு எங்கேம்மா?" என்று கேட்டுவிட்டார்.

"பானை கழுவுறாங்க. உக்காருங்க," என்றார் அவர். பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. குன்றன் அன்றிலிருந்து அவருடைய சீடர்.

இன்று குரத்தியார் பருத்தியிலிருந்து கொட்டை பிரித்துக்கொண்டிருந்தார். அடிவாரத்து நெசவாளர்கள் கொடுக்கும் பருத்தி. அதற்கு ஈடாக அவர்கள் ஒரு வேளைக் கூழ் ஊற்றுவார்கள்.

"அம்மா, என் தங்கச்சி என்னைக்குச் செத்தா?"

"அண்ணன் நீர்தானே?"

"மறந்துடுச்சு."

குன்றன் சொல்லத் தொடங்கினார்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு, ஆவணி ஒன்பதாம் தேதி, இப்போதைய மன்னரின் படை கிழக்கு வாசலுக்கு வந்தது. உப்புத் தெருக்காரர்கள் உப்பு வண்டிகளை வாசலுக்குக் குறுக்கே தள்ளி மறித்தார்கள். பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொரு பேர் செத்துக் கிடந்தார்கள்.

கொற்றிக்குப் பதினேழு வயது. வண்டி தள்ளப் போனவள். வயிற்றில் ஈட்டி பாய்ந்தது.

அன்று பிணங்களை எடுக்க விடவில்லை. மன்னர் ஊர்வலம் போகும் பாதை அது. மறுநாள் விடிந்த பிறகுதான் எரிக்க விட்டார்கள்.

அடுத்த வருடம் ஒன்பதாம் தேதியை வாசல் திருநாள் என்று அறிவித்தார்கள். மக்கள் தாங்களே வாசலைத் திறந்து மன்னரை அழைத்த நாள். ஒரு துளி ரத்தம் சிந்தாத நாள். அன்று யாரும் துக்கம் காக்கக் கூடாது.

உப்புத் தெரு கூடிப் பேசியது. செத்தவர்களுக்கு எப்போது படையல் போடுவது?

ஊரில் யார் என்று செத்தார்கள் என்ற ஏட்டை எழுதும் வேலை அப்போது குன்றனுடையது. யோசனை சொன்னவரும் அவர்தான்.

"எரிச்ச நாளையே செத்த நாளா வெச்சுக்குவோம். ஒரு நாள்தானே. யாருக்கும் வம்பில்ல."

எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. பழைய ஓலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது ஓலையில் நாற்பத்தொரு பெயரையும் பத்தாம் தேதியில் எழுதினார். முத்து முத்தான எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் அரண்மனை அவரைக் கூப்பிட்டது.

"ஒரு நாள்தானே அம்மா," என்றார் குன்றன் இப்போதும். "செத்தவளுக்கு அதுல என்ன தெரியப் போகுது?"

குரத்தியார் நிமிர்ந்தார்.

"செத்தவளுக்கு ஒரு நாள் கூடுதலாக் கொடுத்திருக்கீர்."

"ஆமாம்."

"அந்த ஒரு நாள் அவ என்ன செஞ்சா?"

குன்றன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"விசாரிச்சுட்டு வாரும்."

"யார்கிட்ட விசாரிக்கிறது?"

குரத்தியார் அடுத்த காயை எடுத்தார்.

*

மூன்று நாள் கழித்துக் குன்றன் வந்தார்.

"சோறு ஆக்கினா. தலை முழுகி முடி உலர்த்தினா. பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்டா."

வரலாறு எழுதுகிறவருக்கு இதெல்லாம் வரும். ஒரு மன்னரின் மூன்று வயதுப் பேச்சையே எழுதியவர் அவர்.

"ஈட்டி பாய்ஞ்ச வயித்தோடயா?"

குன்றன் எழுந்து போனார்.

மறுபடி வந்தார்.

"ஒண்ணும் செய்யல. கிடந்தா. விடிஞ்சதும் எரிச்சோம்."

"அப்ப அது பிணம் கிடந்த பொழுது."

"ஆமாம்."

"ஏட்டில அப்படியா எழுதினீர்?"

"இல்ல."

"எப்படி எழுதினீர்?"

"உயிரோட இருந்ததா."

"அப்ப இருந்திருக்கா. ஒன்பதாம் தேதி பொழுது சாயற வரைக்கும், அதுக்கப்புறமும். எங்க இருந்தா? யாரோட இருந்தா? நல்லா விசாரியும் புலவரே."

இறங்கும்போது குன்றனுக்குக் கோபமாக வந்தது. வயதில் சின்னவர். போரைப் பார்க்காதவர். பிணத்தை விடியும்வரை ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் விளையாடுகிறார்.

அடிவாரத்தில் அரண்மனைச் சேவகன் காத்திருந்தான். அமைச்சர் உடனே வரச் சொன்னாராம்.

*

அமைச்சர் வில்லவரையர் மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். முத்துகளை ஒவ்வொன்றாக வெள்ளிக் கிண்ணத்தில் போட்டார். விரல் நுனிகள் சிவந்திருந்தன.

"உக்காருங்க புலவரே. வாசல் திருநாளுக்கு இது இருபத்தஞ்சாவது வருசம். அன்னைக்கே இளவரசருக்கு முடி சூட்டறோம். தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"வெளிநாட்டுத் தூதருங்க வர்றாங்க. நம்ம மன்னர் வாசலை உடைச்சுக்கிட்டு வந்தவருன்னு அங்கெல்லாம் ஒரு பேச்சு இருக்கு. உடைச்சு வந்தவர் மகனுக்கு முடி எதுக்குங்கறாங்க. அதனால ஒரு கல்வெட்டு வெக்கிறோம். அன்னைக்கு வாசல்ல நின்னு வரவேற்ற குடிமக்களோட பேரு. ஊரு பேரு தெரு பேரோட."

"யார் வரவேற்றாங்க?"

வில்லவரையர் சிரித்தார். "அதுதான் சிக்கல். உயிரோட இருக்கறவன் பேரைப் போட்டா, நாலு மொந்தை கள்ளு உள்ள போனதும் நான் போகவே இல்லம்பான். அதனால நம்ம எழுத்துக்காரப் பையனுங்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கானுங்க."

அவர் ஒரு பழைய ஏட்டை நகர்த்தி வைத்தார். குன்றன் அதை விரிக்காமலே அடையாளம் கண்டுகொண்டார்.

"உப்புத் தெரு. கிழக்கு வாசலுக்கு நேர் எதிர்த்தாப்புல இருக்கற தெரு. நாப்பத்தொரு பேர் பத்தாந்தேதி செத்திருக்காங்க. ஏதோ கொள்ளை நோய் போல, பாவம். ஆனா ஒம்பதாந்தேதி எல்லாரும் உயிரோட இருந்திருக்காங்க. வீட்டு வாசல்ல ராசா வர்றாரு. வந்து பாக்காமலா இருந்திருப்பாங்க?"

அன்று கிழக்கு வாசலில் குதிரைமேல் இருந்தவர்களில் வில்லவரையரும் ஒருவர். குன்றன் அவர் முகத்தையே பார்த்தார். நடிக்கிறாரா, மறந்துவிட்டாரா என்று தெரியவில்லை. அவருக்கும் மறந்திருக்கலாம்.

"எழுத்து அழகா இருக்கு. யாரு எழுதினது?"

"நான்தான்."

"அட! அப்ப சாட்சியும் நீங்கதான். விருந்துல நீங்களே வாசிச்சிருங்க, பொருத்தமா இருக்கும்." அவர் விரலால் ஓலையைத் தடவினார். "கொற்றி. குன்றன் தங்கைன்னு போட்டிருக்கு. நீங்களா?"

"ஆமாங்க."

"பாத்தீங்களா, பெருமை வீடு தேடி வருது. சின்னப் பொண்ணு. பூத் தூவினதா வெச்சுக்குவோம்."

ஒரு மாதுளை முத்து கிண்ணத்துக்கு வெளியே விழுந்தது. வில்லவரையர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

*

"அம்மா, அவ என்ன செஞ்சான்னு தெரிஞ்சுடுச்சு."

"சொல்லும்."

"பூத் தூவினா."

கொட்டை பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எல்லாருமே அங்கதான் இருந்திருக்காங்க அம்மா. நாப்பத்தொரு பேரும். வாசலைத் திறந்து விட்டு, வரிசையா நின்னு, வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. கல்லுல வெட்டப் போறாங்க."

"பூவை யார் கொடுத்தா?"

பாறையில் வெயில் ஏறியது. ஒரு ஓணான் வந்து அவர்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போனது.

"நான்," என்றார் கடைசியில்.

குரத்தியார் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்தார்.

"விருந்துல நான்தான் வாசிக்கணுமாம். முடியாதுன்னு சொன்னா உப்பளத்துக்கு அனுப்புவாங்க. அங்க போனவங்க யாரும் திரும்பினதில்ல. நான் போனா என்ன, அந்த இடத்துல வேறொருத்தன் நின்னு வாசிப்பான்."

"வாசிச்சா?"

"கல்லு இருக்கற வரைக்கும் அவ பூத் தூவிக்கிட்டே நிப்பா. நான் என்ன செய்யட்டும் அம்மா?"

"உமக்கு வாசிக்கத் தெரியுமா?"

குன்றனுக்குச் சுருக்கென்றது. "இருபத்து நாலு வருசமா சபையில வாசிக்கிறேன்."

"முதல் பேரை வாசியும்."

குன்றன் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"உப்புத் தெரு வேட்டன்!"

சபைக் குரல். எதிர்ப்பாறை அதைத் திருப்பிச் சொன்னது.

"யாரு வேட்டன்?"

"உப்பு வியாபாரி."

"தெருவே உப்பு வியாபாரிதான். யாரு வேட்டன்?"

"வயசானவரு."

"அப்புறம்?"

"தெரியாது."

"வாசிக்கத் தெரியல. போய் வாரும்."

*

உப்புத் தெருவுக்குள் குன்றன் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அரண்மனை கொடுத்த வீட்டில்தான் பத்தாம் தேதிப் படையலையும் போட்டு வந்தார்.

வேட்டன் வீட்டில் அவருடைய மகள் இருந்தாள். சந்தையில் பேசிக்கொண்டிருந்த அதே பெண். பெயர் சாத்தி.

"வாங்க புலவரே. இருபத்தஞ்சு வருசம் கழிச்சுத் துக்கம் விசாரிக்க வந்தீங்களா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கம்மா."

"வெச்சுக்க வேண்டாம். வெச்சு வெச்சுத்தான் இந்தக் கதி. அரண்மனைக்காக வந்திருக்கீங்களா, உங்களுக்காக வந்திருக்கீங்களா?"

குன்றன் கல்வெட்டைப் பற்றிச் சொன்னார். ஏட்டைப் பற்றிச் சொன்னார். மறைக்காமல் சொன்னார்.

சாத்தி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா வரவேற்றாரா?"

"கல்லுல அப்படித்தான் வரும்."

"ஒரு கால் வெளங்காத மனுசன் அவரு. நடந்து போயி வரவேற்றாருன்னு போடுவீங்களா, தூக்கிட்டுப் போனாங்கன்னு போடுவீங்களா?"

"கால் வெளங்காதா?"

"அதுகூடத் தெரியாதா உங்களுக்கு? எல்லாரும் வண்டியைத் தள்ளறாங்க, இவருக்குத் தள்ள முடியல. 'என்னை வண்டிமேல ஏத்தி விடுங்கடா, கனமாச்சும் கூடும்'னு சொல்லி ஏறி உக்காந்துக்கிட்டாரு. படைக்காரங்க வண்டியைப் புரட்டினப்ப அடியில மாட்டிக்கிட்டாரு. செத்தப்பக்கூட ஒரு பிடி உப்பு கையில இருந்துச்சு. எதுக்குன்னு தெரியல. கண்ணுல தூவலாம்னு நெனைச்சாரோ என்னவோ."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தத் தெரியாமல் சிறிது நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வாசிக்கலைன்னா யாரு வாசிப்பா?"

"யாராவது."

"அந்த யாராவதுக்கு எங்கப்பா வண்டிமேல உக்காந்தது தெரியுமா?"

"தெரியாது."

சாத்தி வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்துக் கூவினாள்.

"ஏ கண்டா! உங்கம்மா எப்படிச் செத்தாங்கன்னு புலவர் கேக்கறாரு. வந்து சொல்லு!"

தெருவில் யாரும் இப்படிக் கூவி இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. இரண்டு வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டன. கண்டன் வந்தான்.

அந்த ஆடி மாதம் முழுக்கக் குன்றன் வீடு வீடாகப் போனார். சிலர் சொன்னார்கள். சிலர் அவரை உட்காரவைத்து வேறு எதையோ பேசி அனுப்பினார்கள். ஒரு கிழவர் தன் மனைவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, அவள் செத்ததை விட்டுவிட்டு அவள் வைக்கும் மீன் குழம்பைப் பற்றி ஒரு பகல் முழுவதும் பேசினார்.

ஒரு வீட்டில் இளைஞன் ஒருவன் கோபித்துக்கொண்டான்.

"என் பாட்டனுக்குக் காய்ச்சல். பத்தாந்தேதிதான் செத்தாரு. வாசல் திருநாள்ல யாரும் சாகல. நான் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்."

அவன் படித்தது குன்றன் எழுதிய பாடம்.

"நல்லாப் படிச்சிருக்கே தம்பி," என்று சொல்லிவிட்டுக் குன்றன் படியிறங்கினார். தெருமுனை வரை நடந்து, அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

*

திருநாளுக்கு முதல் நாள் காலையில் பாறைக்குப் போனார்.

"வாசியும்," என்றார் குரத்தியார்.

குன்றன் நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே வாசித்தார்.

"உப்புத் தெரு வேட்டன்."

குரத்தியாரின் கை நின்றது. அதற்குப் பிறகு அது பருத்தியைத் தொடவில்லை.

ஒவ்வொரு பெயருக்கும் இடையில் குன்றன் கொஞ்சம் நிறுத்தினார். அவர்கள் எழுந்து வருவதற்கு நேரம் கொடுப்பதுபோல இருந்தது. நாற்பது பெயர்கள் முடிவதற்குள் பாறையின் நிழல் காலடிக்கு வந்துவிட்டது.

நாற்பத்தொன்றாவது பெயருக்கு வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

மறுபடி முயன்றார்.

"அதை இங்க வாசிக்க வேண்டாம்," என்றார் குரத்தியார்.

அவர் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று குன்றன் கவனிக்கவில்லை. ஆறு வருடத்தில் சீடனுக்காக அவர் எழுந்து நின்றதில்லை.

"நாளைக்கு என்ன தேதி?" என்று கேட்டார்.

"ஆவணி ஒன்பது."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அவர் பானை கழுவப் போனார்.

*

கிழக்கு வாசல் மைதானத்தில் பந்தல். முடிசூட்டு முடிந்துவிட்டது. இளவரசரின் தலையில் மணிமுடி சற்றுப் பெரிதாக இருந்தது. அவர் அடிக்கடி அதைக் கையால் பிடித்துக்கொண்டார்.

நகரமே வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டது. திருநாள் விருந்துக்கு வராமல் இருக்க முடியாது. தெருவாரியாக ஆள் எண்ணுவார்கள். உப்புத் தெருவுக்கு ஐந்தாவது வரிசை.

மேடையில் மன்னர், இளவரசர், தூதர்கள், அமைச்சர். கடைசி இலையில் குன்றன். அவர் சர்க்கரைப் பொங்கலை விரலால் தொட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் வில்லவரையர் எழுந்தார். பட்டுத் துணியை விலக்கினார். கல் புதிதாக, ஈரமாக இருப்பதுபோலப் பளபளத்தது.

"இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், இதே இடத்தில், வாசலைத் திறந்து, மலர் தூவி, மன்னரே எம்மை ஆள வருக என்று அழைத்த குடிமக்கள் இவர்கள். இவர்கள் விரும்பி அழைத்ததால் வந்த அரசு இது. இவர்கள் சாட்சி!"

முரசு ஒலித்தது. அவர் குன்றனைப் பார்த்துத் தலையசைத்தார்.

குன்றன் எழுந்தார். ஓலையைக் கையில் எடுக்கவில்லை.

"உப்புத் தெரு வேட்டன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் முதல் பெயருக்குப் பிறகு மைதானத்தில் ஒரு கிண்ணம்கூட ஓசைப்படவில்லை. ஐந்தாவது வரிசையில் சாத்தி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அடுத்த பெயர். கண்டனின் அம்மா. அடுத்த பெயர். மீன் குழம்புக்காரி.

யாரும் அழவில்லை. அந்த நாளில் அழாமல் இருந்து அவர்களுக்கு நல்ல பழக்கம்.

"ஏன் இவ்வளவு அமைதி?" என்று ஒரு தூதர் கேட்டார்.

"மரியாதை," என்றார் வில்லவரையர்.

நாற்பது பெயர்கள் முடிந்தன.

"கொற்றி," என்றார் குன்றன்.

சோறு ஆறுகிறது, வா என்று தெருவில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற குரலில் அது வந்தது.

அவர் உட்கார்ந்தார்.

முரசு மறுபடி ஒலித்தது. மேற்பார்வைக்காரர்கள் வரிசைகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார்கள்.

"இலை மடிக்கலாம்! நம்ம பக்கமா மடிங்க! நம்ம பக்கமா!"

கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் இலையைத் தங்கள் பக்கமாக மடிப்பார்கள். சாவு வீட்டில் சாப்பிட்டவர்கள் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் கூவிச் சொல்வார்கள். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு குயவர் ஏதோ நினைவில் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டார். கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொண்டே போனார். உப்பளத்திலிருந்து அவர் எலும்புகூட வரவில்லை.

முதல் வரிசை மடித்தது. இரண்டாவது, மூன்றாவது. இலைகள் மடியும் ஓசை மழை வருவதுபோல நகர்ந்து வந்தது. மேடையில் மன்னர் மடித்தார். இளவரசர் ஒரு கையால் முடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மடித்தார். தூதர்கள் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து மடித்தார்கள்.

ஐந்தாவது வரிசையில் ஓசை நின்றது.

சாத்தியின் கை இலையின் ஓரத்தில் இருந்தது. கண்டனின் கையும். ஒருவரும் எந்தப் பக்கமும் மடிக்கவில்லை. மேற்பார்வைக்காரன் அவர்களிடம் வந்து நின்றான். வேகமாகச் சொன்னான். கெஞ்சுகிற மாதிரிகூடச் சொன்னான். அவர்கள் மேடையின் கடைசி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வில்லவரையரும் திரும்பிப் பார்த்தார்.

"புலவரே," என்றார் மெல்ல. உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. "உங்க இலை இன்னும் திறந்திருக்கு."

"ஆமாங்க."

"மடிங்க. எல்லாரும் பாக்கறாங்க."

குன்றன் இரண்டு கையாலும் இலையின் தன் பக்கத்து ஓரத்தைப் பிடித்தார். மெதுவாகத் தூக்கி, தன்னை விட்டு அப்புறமாக மடித்தார்.